பேச்சில்லாத அரை மணி நேரம்: பிரெஞ்சு க்ரைம் த்ரில்லர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாருக்காவது ஒரு பழைய பிரெஞ்சு க்ரைம் படத்தைப் பார்க்கச் சொன்னால் மறுநாள் காலையில் எனக்கு போன் வரும். கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் 1954 முதல் 1970 வரை வந்த படங்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன், என் மனசு அங்கேயே தங்கிவிட்டது. எந்தப் படத்தின் முடிவையும் சொல்லவில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

ஸ்டைல், ஸ்டைல் என்கிறீர்களே, கோட்டும் தொப்பியும்தானா?

தொடங்குவது அங்கேதான். 1967இல் வந்த ‘லெ சமுராய்’ படத்தில் அலென் தெலோன் ஒரு கூலிக் கொலைகாரன். பெயர் ழெஃப் கோஸ்தெல்லோ. வெளியே கிளம்பும்போது கண்ணாடி முன் நின்று தொப்பியின் விளிம்பை விரலால் ஒருமுறை நீவிவிடுவான். அழகு பார்க்கிறவன் செய்கிற மாதிரி இருக்காது. அடுப்படிக்குள் நுழையும்போது முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்வோமே, அந்த மாதிரி இருக்கும். வேலைக்குத் தயாராகிறான், அவ்வளவுதான்.

நம் சினிமாவில் ஸ்டைல் என்றால் ஹீரோ நமக்காகச் செய்து காட்டுவது. சிகரெட்டைத் தூக்கிப் போட்டுப் பிடித்தால் தியேட்டரே கைதட்டும். எனக்கும் அது பிடிக்கும். ழெஃப் தொப்பியைச் சரிசெய்வது ஆளில்லாத அறையில். பார்ப்பதற்கு யாரும் இல்லை, இருந்தாலும் ஒழுங்காகச் செய்கிறான். நாளைக்கு உயிரோடு இருப்போமா என்று தெரியாத ஒருவன், தன் கைக்கு அடங்குகிற சின்னச் சின்ன விஷயங்களையாவது சரியாகச் செய்துவிட வேண்டும் என்று நினைக்கிறான். இந்தப் படங்களின் ஸ்டைல் எனக்கு அப்படித்தான் புரிகிறது. கீழே சொல்லப்போகிற எல்லாமும் இதைச் சுற்றியே வரும்.

பத்து நிமிஷம் ஆகியும் யாரும் பேசவில்லை. கதை எப்போது ஆரம்பிக்கும்?

முதல் ஷாட்டிலேயே ஆரம்பித்துவிட்டது. ‘லெ சமுராய்’ படத்தின் அந்தப் பத்து நிமிஷத்தில் என்னென்ன நடக்கிறது என்று சொல்லிப் பார்க்கிறேன்.

சாம்பல் நிற அறை, இரண்டு ஜன்னல்கள். கட்டிலில் ஒருவன் படுத்திருப்பதே சிகரெட் புகை மேலே எழும்போதுதான் தெரிகிறது. அறை நடுவில் ஒரு கூண்டு, அதற்குள் ஒரு சின்னப் பறவை விட்டுவிட்டுக் கீச்சிடுகிறது. அவன் எழுந்து, கோட்டை மாட்டிக்கொண்டு, தெருவுக்கு வருகிறான். மழை. நிறுத்தியிருக்கும் ஒரு சிட்ரோயன் டிஎஸ் காருக்குள் ஏறி உட்கார்கிறான். அது அவனுடைய கார் இல்லை. ஒரு வளையம் நிறையச் சாவிகளை எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறான். கண்கள் சாவியைப் பார்க்கவில்லை, தண்ணீர் வழியும் கண்ணாடிக்கு அப்பால் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஒரு சாவி சேரவில்லை. அடுத்தது. அதுவும் சேரவில்லை. எத்தனையாவது சாவியில் வண்டி கிளம்பும் என்று நாம் எண்ண ஆரம்பித்துவிடுகிறோம். திருடனுக்காக வேண்டிக்கொள்கிறோம்!

அப்புறம் ஊர் ஓரத்தில் ஒரு கராஜ். மெக்கானிக் நம்பர் பிளேட்டை மாற்றுகிறார். ழெஃப் கையை நீட்டினால் வண்டிக்கான காகிதங்கள் வருகின்றன, மறுபடி நீட்டினால் துப்பாக்கி வருகிறது. இருவருக்கும் நடுவில் ஒரு வார்த்தை இல்லை. இது அவர்களுக்குள் முதல் தடவை இல்லை என்பது அதிலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. வசனத்தில் எழுதியிருந்தால் ஒரு பக்கம் ஆகியிருக்கும்.

இயக்குநர் ழான்-பியேர் மெல்வில் சொன்ன ஒரு சம்பவம் உண்டு. தெலோனின் வீட்டில் உட்கார்ந்து திரைக்கதையை வாசித்துக் காட்டியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் தெலோன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இவ்வளவு நேரம் வாசித்தும் இன்னும் ஒரு வசனம்கூட வரவில்லை, இதுவே எனக்குப் போதும், நடிக்கிறேன் என்றாராம். வசனம் குறைவு என்பதையே காரணமாகச் சொல்லி ஒரு பெரிய நட்சத்திரம் ஒத்துக்கொண்ட படம் இது.

‘பொலார்’, ‘நுவார்’ இரண்டும் ஒன்றா?

இல்லை. ‘பொலார்’ என்பது பிரெஞ்சுக்காரர்கள் க்ரைம் கதைக்கும் க்ரைம் படத்துக்கும் பேச்சுவழக்கில் வைத்திருக்கும் பெயர். ‘நுவார்’ என்றால் கறுப்பு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ஆக்கிரமிப்பு நடந்த வருஷங்களில் அமெரிக்கப் படங்கள் பிரான்ஸுக்குள் வரவில்லை. போர் முடிந்ததும் எல்லாம் மொத்தமாக வந்து இறங்கின. இருட்டும் துரோகமுமாக இருந்த சில படங்களைப் பார்த்துவிட்டு 1946இல் நீனோ ஃப்ராங்க் என்ற விமர்சகர் ‘ஃபிலிம் நுவார்’ என்று எழுதினார். அதற்கு முந்தைய வருஷம்தான் மார்செல் துவாமெல், காலிமார் பதிப்பகத்தில் ‘செரி நுவார்’ என்ற க்ரைம் நாவல் வரிசையைத் தொடங்கியிருந்தார். முதலில் வந்தவை பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்தவை. பிறகு பாரிஸின் நிழலுலகத்தை நேரில் அறிந்த பிரெஞ்சு எழுத்தாளர்களும் எழுத ஆரம்பித்தார்கள். நான் இங்கே சொல்லும் படங்களில் பல அந்த நாவல்களிலிருந்து வந்தவை. சரக்கு அமெரிக்காவிலிருந்து வந்தது, சமையல் பாரிஸில் நடந்தது.

கொள்ளைக் காட்சிகளை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்?

1955இல் வந்த ‘ரிஃபிஃபி’ படத்தைப் பார்த்தால் இந்தக் கேள்வி வராது. ஒரு நகைக்கடைக்கு மேலே உள்ள வீட்டுக்குள் நான்கு பேர் இரவில் நுழைகிறார்கள். அங்கிருந்து ஏறக்குறைய அரை மணி நேரத்துக்கு வசனம் கிடையாது, இசையும் கிடையாது. மூச்சுச் சத்தம், சுத்தியல் சத்தம், யாரோ இருமலை அடக்குகிற சத்தம், அவ்வளவுதான்.

தரையில் துளை போட வேண்டும். ஆனால் உடையும் காரையும் கல்லும் கீழே கடைக்குள் விழுந்தால் அலாரம் அடித்துவிடும். என்ன செய்கிறார்கள் தெரியுமா? முதலில் ஒரு சின்னத் துளை போட்டு, அதன் வழியாக மடக்கிய குடையைக் கீழே இறக்கி, அங்கே விரிக்கிறார்கள். அதன்பிறகு உடைவதெல்லாம் குடைக்குள் விழுகிறது. அலாரத்துக்கும் ஒரு வழி: அதே மாதிரி ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைத்துப் பல விதமாகச் சோதித்து, கடைசியில் தீயணைப்புக் கருவியின் நுரையை உள்ளே அடித்தால் அது வாய் மூடிவிடும் என்று கண்டுபிடித்திருப்பார்கள். அந்தச் சோதனைகளையும் நமக்கு முழுசாகக் காட்டிவிடுவதால், கொள்ளை நடக்கும்போது எதையும் விளக்க வேண்டியதில்லை. நாமும் கூட்டாளி ஆகிவிடுகிறோம்.

ஒருநாள் வீட்டில் இந்தப் படத்தைப் போட்டிருந்தேன். தண்ணீர் குடிக்க எழுந்து வந்த அப்பா, கையில் சொம்போடு அப்படியே நின்றுவிட்டார். அவருக்குப் பிரெஞ்சும் தெரியாது, வேகமாக ஓடும் ஆங்கில சப்டைட்டிலும் பிடிபடாது. கொள்ளை முடிகிற வரைக்கும் உட்காரவே இல்லை. “அந்தக் குடை கிழிஞ்சிடாதா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். இந்தப் படத்துக்கு இதைவிட நல்ல விமர்சனத்தை நான் படித்ததில்லை.

இதை எடுத்த ழூல் தாஸன் அமெரிக்கர். கம்யூனிஸ்ட் என்று ஹாலிவுட் கறுப்புப் பட்டியலில் சேர்த்து வேலை கொடுக்காமல் விட்டதால் பிரான்ஸுக்கு வந்தவர். பெரிய நட்சத்திரம் யாரும் இல்லாமல் எடுத்த இந்தப் படத்துக்காக அவருக்கு 1955 கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருது கிடைத்தது. இசையமைப்பாளர் ழார்ழ் ஓரிக் அந்தக் கொள்ளைக் காட்சிக்கு இசை எழுதியே வைத்திருந்தார். இசையோடும் இல்லாமலும் பார்த்த பிறகு, வேண்டாம் என்று அவரே ஒத்துக்கொண்டார். தான் போட்ட இசையைத் தானே எடுத்துவிடச் சொல்ல எவ்வளவு பெரிய மனசு வேண்டும்!

மெல்விலும் 1970இல் ‘லெ செர்க்கிள் ரூஜ்’, அதாவது ‘செவ்வட்டம்’ படத்தில் இப்படி ஒரு நீண்ட கொள்ளையை வைத்தார். அதில் எனக்குப் பிடித்தவர் நடிகர் ஈவ் மோந்தான். குடித்துக் குடித்துச் சீரழிந்து, படுக்கையில் பூச்சிகளும் பிராணிகளும் ஊர்ந்து வருவதாகக் கண்டு அலறுகிற முன்னாள் போலீஸ்காரராக வருகிறார். குறி தவறாத துப்பாக்கிக்காரர் என்பதால் இந்த வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். தோட்டாவைத் தானே உருக்கி வார்க்கிறார். அந்த இரவில் துப்பாக்கியைத் தாங்கியில் பொருத்திப் பொறுமையாகக் குறிபார்க்கிறார். பிறகு சட்டென்று தாங்கியிலிருந்து எடுத்து, கையிலேயே பிடித்துச் சுடுகிறார். கொள்ளை முடிந்ததும் தன் பங்கு வேண்டாம் என்கிறார். கை மறுபடி நடுங்காமல் நின்றதே அவருக்குப் போதுமாக இருக்கிறது.

இசையே இல்லாத படங்களா இவை?

அப்படியில்லை. எங்கே வேண்டுமோ அங்கே மட்டும் வரும். 1958இல் வந்த லூயி மாலின் முதல் கதைப்படம் ஒன்று உண்டு, ‘தூக்குமேடைக்கு லிஃப்ட்’ என்று தமிழில் சொல்லலாம். முதலாளியைக் கொன்றுவிட்டு வரும் காதலன் லிஃப்டில் மாட்டிக்கொள்கிறான். காவலாளி மின்சாரத்தை அணைத்துவிட்டுப் போய்விட்டார். அவனுக்கு என்ன ஆனது என்று தெரியாத காதலி, ழான் மோரோ, இரவு முழுக்கப் பாரிஸ் தெருக்களில் தேடி அலைகிறாள்.

அந்த நடைக்கு இசை, அமெரிக்க ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ். 1957 டிசம்பரில் பாரிஸ் வந்திருந்தவர், ஓர் இரவில் நான்கு கலைஞர்களோடு ஸ்டுடியோவில் உட்கார்ந்து, திரையில் காட்சிகளைப் பார்த்தபடியே வாசித்து முடித்துவிட்டார். ஒளிப்பதிவாளர் ஆன்ரி தெகாயே தனியாக விளக்கு எதுவும் வைக்காமல், கடைகளின் கண்ணாடி வெளிச்சத்திலேயே மோரோவைப் படம்பிடித்தார். கண்ணுக்குக் கீழே இருக்கும் கருமை அப்படியே தெரிகிறது. ஒரு நடிகையின் முகத்தை அவ்வளவு களைப்போடு காட்ட அந்தக் காலத்தில் துணிச்சல் வேண்டும். அந்தக் களைப்பில்தான் அவள் அழகே இருக்கிறது என்பேன்.

மெல்வில் யார்? அவர் ஆட்கள் ஏன் இவ்வளவு பேசாமல் இருக்கிறார்கள்?

இயற்பெயர் ழான்-பியேர் க்ரூம்பாக். 1917இல் பாரிஸில் பிறந்த யூதர். ஜெர்மானியர்கள் பிரான்ஸைப் பிடித்தபோது எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்தார். அங்கே எல்லோருக்கும் ஒரு மாற்றுப் பெயர் வேண்டும். தனக்குப் பிடித்த அமெரிக்க நாவலாசிரியர் ஹெர்மன் மெல்வில் பெயரை வைத்துக்கொண்டார். போர் முடிந்த பிறகும் அந்தப் பெயரை விடவில்லை.

ஆட்கள் பேசாமல் இருப்பதன் வேர் அங்கே இருக்கிறது என்று நான் நம்புகிறேன். 1969இல் அவர் எடுத்த ‘நிழல்களின் படை’ எதிர்ப்பு இயக்கத்தைப் பற்றியது. அதையும் அவருடைய க்ரைம் படங்களையும் அடுத்தடுத்துப் பாருங்கள். கோட்டைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடப்பது, பொய்ப் பெயர், பூட்டிய அறையில் காத்திருப்பது, காட்டிக்கொடுத்தவனை என்ன செய்வது என்ற கேள்வி, எல்லாம் ஒன்றே. ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினால் யாரோ ஒருவர் சாக வேண்டியிருந்த காலத்தில் இளைஞனாக இருந்தவர் அவர். அவருடைய கொலைகாரர்களும் திருடர்களும் வாயைத் திறக்காமல் இருப்பதற்கு வெறும் ‘கெத்து’ என்று காரணம் சொல்ல என்னால் முடியவில்லை.

‘நிழல்களின் படை’ வந்த நேரம் சரியில்லை. 1968 மே மாதம் பிரான்ஸில் மாணவர்களும் தொழிலாளர்களும் நடத்திய கிளர்ச்சி முடிந்து ஒரு வருஷம். அந்தக் கிளர்ச்சிக்காரர்கள் எதிர்த்த ஜனாதிபதி தெ கோல் படத்தில் வருகிறார் என்பதற்காகவே பல விமர்சகர்கள் ஒதுக்கிவிட்டார்கள். அமெரிக்காவில் 2006இல்தான் வெளியாகி, அங்கே கொண்டாடப்பட்டது. மெல்வில் 1973லேயே, 55 வயதில், போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் அதைப் பார்க்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

திருடனையும் கொலைகாரனையும் ரசிப்பது தப்பில்லையா?

நியாயமான கேள்வி. இந்தப் படங்கள் அவர்கள் செய்வது சரி என்று சொல்வதில்லை. யாரும் பணத்தோடு கடற்கரையில் சிரித்துக்கொண்டு உட்காருவதில்லை. காட்டுவது வேறு ஒன்றை.

ழாக் பெக்கெர் 1954இல் எடுத்த ‘துஷே பா ஓ க்ரிஸ்பி’ படத்தைச் சொல்கிறேன். ‘க்ரிஸ்பி’ என்றால் நிழலுலக பாஷையில் பணம், கொள்ளைச் சொத்து. ‘அந்தச் சரக்கில் கை வைக்காதே’ என்று தலைப்புக்கு அர்த்தம். தங்கக் கட்டிகளை அடித்த கொள்ளை படம் ஆரம்பிக்கும் முன்பே முடிந்துவிட்டது. ழான் காபென் வயதாகிக்கொண்டிருக்கும் தாதா மாக்ஸ். ஆபத்து நெருங்குகிறது என்று தெரிந்து, தன் நண்பன் ரிதோனை யாருக்கும் தெரியாத தன் வீட்டுக்குக் கூட்டிவருகிறார். ஒயின் திறக்கிறார். மொறுமொறு ரஸ்க்கில் இறைச்சி விழுதைத் தடவி இருவரும் சாப்பிடுகிறார்கள். கடிக்கிற சத்தம் கேட்கிறது. பிறகு அலமாரியிலிருந்து மடித்த பைஜாமா, பல் துலக்கும் பிரஷ் எல்லாம் எடுத்துக் கொடுக்கிறார். இருவரும் பல் துலக்குகிறார்கள். ரிதோன் கண்ணாடியில் தன் முகச் சுருக்கங்களைத் தடவிப் பார்க்கிறான்.

ஒரு கேங்ஸ்டர் படத்தின் நட்டநடுவில் இரண்டு வயசான ஆண்கள் பல் துலக்குவதை இவ்வளவு பொறுமையாகக் காட்டியவரை நான் எப்படி மறப்பேன்? அதற்குப் பிறகு துப்பாக்கிச் சூடு நடக்கும்போது, குண்டு படப்போவது பைஜாமா மடித்துக் கொடுத்த கையில் என்று நமக்குப் பதறுகிறது.

பெக்கெருடைய கடைசிப் படமான ‘லெ த்ரூ’, அதாவது ‘துளை’, இன்னும் ஒரு படி மேலே. பாரிஸின் சாந்தே சிறையில் 1947இல் நடந்த தப்பிக்கும் முயற்சி அது. அதில் இருந்த ஒருவரே படத்தில் நடித்திருக்கிறார். அறைக்கு வெளியே காவலர் வருகிறாரா என்று பார்க்க, உடைந்த கண்ணாடித் துண்டைப் பல் துலக்கும் பிரஷ்ஷில் கட்டிக் கதவுத் துவாரத்தில் வைப்பார்கள். காங்கிரீட் தரையை உடைக்கும் ஒரு ஷாட் வெட்டே இல்லாமல் ஏறக்குறைய நான்கு நிமிஷம் ஓடுகிறது. நிஜமாகவே உடைக்கிறார்கள், நம் தோள் வலிக்கிறது.

பெண்களுக்கு இந்தப் படங்களில் என்ன இடம்?

குறைவான இடம். இதை மறைக்க விரும்பவில்லை. மெல்வில் படங்களில் பெண்கள் பெரும்பாலும் காத்திருக்கிறார்கள், இல்லையென்றால் கிளப்பில் இருக்கிறார்கள். ‘ரிஃபிஃபி’யில் பெண்ணை பெல்ட்டால் அடிக்கும் காட்சி ஒன்று உண்டு. எனக்கு அது எப்போதும் கசக்கும். விதிவிலக்குகளும் இருக்கின்றன. ‘நிழல்களின் படை’யில் சிமோன் சிஞ்ஞோரே நடித்த மத்தில்ட், அந்தக் கூட்டத்திலேயே கூர்மையான மூளை. பெண்களே மையமாக வேண்டும் என்றால் க்ளோத் ஷாப்ரோல் 1995இல் எடுத்த ‘லா செரெமொனி’க்குப் போங்கள். வீட்டுவேலைக்கு வரும் சாந்த்ரின் பொனேர், தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் இசபெல் ஊப்பெர். எழுதப் படிக்கத் தெரியாது என்பதை முதலாளி வீட்டில் மறைக்க அந்தப் பெண் படுகிற பாட்டிலிருந்தே பயம் வளர்கிறது. வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருதை இருவருக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

இப்போதும் இப்படி எடுக்கிறார்களா?

எடுக்கிறார்கள், ஆனால் மௌனம் குறைந்துவிட்டது. 2006இல் கியோம் கானே எடுத்த ‘யாரிடமும் சொல்லாதே’ நல்ல விறுவிறுப்பு. ழாக் ஓதியாரின் ‘ஒரு தீர்க்கதரிசி’ 2009இல் வந்தது. சிறைக்குள் ஒன்றும் தெரியாமல் வரும் பையன் என்னவாகிறான் என்ற கதை. தொடர் பார்ப்பவர்களுக்கு ‘ஆங்ரெனாழ்’, 2005 முதல் 2020 வரை எட்டு சீசன். அதைப் பார்க்கும்முன் ஒன்று தெரிந்துகொண்டால் உதவும்: பிரான்ஸில் பெரிய வழக்குகளில் விசாரணையை நடத்துவதே ஒரு நீதிபதிதான், போலீஸ் அவர் சொல்படி வேலை பார்க்கும். நம் ஊர் நடைமுறையை மனசில் வைத்துப் பார்த்தால் குழம்பும்.

தமிழில் ஏதாவது தொடர்பு உண்டா?

நேரடியான ஒன்று உண்டு. 2015இல் கமல்ஹாசன் நடித்த ‘தூங்காவனம்’, ‘நுயி ப்ளான்ஷ்’ என்ற 2011ஆம் வருஷப் பிரெஞ்சுப் படத்தின் மறுஆக்கம். ஒரே இரவு, ஒரே கிளப், கடத்தப்பட்ட மகன்.

எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

‘ரிஃபிஃபி’. கறுப்பு-வெள்ளை, பழசு என்று தயங்க வேண்டாம், அந்தக் குடை உங்களை இழுத்துக்கொள்ளும். அப்புறம் ‘லெ த்ரூ’. மூன்றாவதாக ‘லெ சமுராய்’. அதை முதலில் பார்த்தவர்கள்தான் பாதியில் நிறுத்திவிட்டு எனக்கு போன் செய்கிறார்கள். இரவில் பாருங்கள். போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். சாவியைப் போடுகிற நேரத்தில் தலையைக் குனிந்து ஒரு மெசேஜ் பார்த்தால் படமே போய்விடும்.

‘லெ சமுராய்’ படத்தில் அந்தப் பறவை எதற்கு?

என்னிடம் அதிகம் பேர் கேட்டது இதைத்தான். ழெஃபுக்கு வீட்டில் இருக்கும் ஒரே துணை அது. இன்னொரு வேலையும் செய்கிறது. அவன் இல்லாதபோது போலீஸார் அறைக்குள் வந்து ஒட்டுக்கேட்கும் கருவி வைத்துவிட்டுப் போகிறார்கள். திரும்பி வந்தவன் பறவை படபடப்பதையும் இறகு உதிர்ந்திருப்பதையும் பார்க்கிறான். யாரோ வந்து போயிருக்கிறார்கள் என்று அதிலிருந்தே புரிந்துகொண்டு அறையைத் துழாவுகிறான். படத்தில் அவனிடம் பொய் சொல்லாத ஒரே ஜீவன் என்று அதை நினைத்துக்கொள்வேன்.

மெல்விலுக்குப் பாரிஸின் 13ஆம் வட்டாரத்தில், ழென்னெர் தெருவில், சொந்த ஸ்டுடியோ இருந்தது. அதற்கு மேலேயே குடியிருந்தார். 1967 ஜூன் மாதம், ‘லெ சமுராய்’ வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அது தீப்பிடித்து எரிந்தது. மனிதர்கள் தப்பித்துவிட்டார்கள். அந்தப் பறவை தப்பவில்லை.